அந்தப் பத்தாயிரத்து ஒன்று

“…அந்தப் பத்தாயிரத்து ஒண்டை மிச்சமில்லாமல் பிரிச்சுக் காட்டட்டும், நானே கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில சேர்த்துவிடுறன். அதுமட்டும் மிளகாய் காயப்போடட்டும்” என்று அப்பா சொல்லி முடித்தபோது, மிளகாய் வாங்க வந்த முஸ்லிம் வியாபாரி நானா தராசுத் தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டு பேர். யாரைப் பற்றி அந்தக் கதை நடந்ததோ அந்த அக்கா ஒருத்தி, எங்கள் கொட்டிலில் இருந்தவள். மற்றவர் அக்காவின் அம்மா. நான் சிரித்தேனா இல்லையா என்பது நினைவில் இல்லை. ஒன்பது வயதில் பெரியவர்கள் சிரித்தால் நாமும் சிரிப்போம், அவ்வளவுதான்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்தை நான் விளக்கத் தேவையில்லை. வன்னியில், விசுவமடுப் பக்கம் மிளகாய்தான் ராசா. ஒரு ஏக்கர் நட்டவன் றேடியோ வாங்கினான், இரண்டு ஏக்கர் நட்டவன் வீட்டுக்கு ஓடு போட்டான். எங்கள் முற்றத்துக்கு அப்பால் ஒரு சீமெந்துத் தளம் இருந்தது. காலையில் அதில் பழத்தைப் பரப்பினால், மத்தியானம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாத சிவப்பு. அந்தத் தளத்தைத் தும்மாமல் கடந்த மனிதர் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று அம்மா எட்டிப் பார்க்க மாட்டார். குசினிக்குள் இருந்தபடி தும்மலைக் கேட்டே சொல்லிவிடுவார். “நானா வந்திட்டார், கேத்திலை வை” என்பார். அவருடைய கணிப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை.

அந்தக் காலத்தில்தான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ச் சனங்களை அடித்துக் கலைத்தார்கள். கலைபட்டவர்கள் லொறிகளில் வந்து எங்கள் பக்கத்துக் காட்டோரங்களில் இறங்கினார்கள். அக்காவும் அவளுடைய அம்மாவும் இறங்கியபோது கையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு கம்பளியும் இருந்தன. வன்னி வெயிலுக்குக் கம்பளி. அப்பா தோட்டத்து மூலையில் இருந்த காவற்கொட்டிலை அவர்களுக்குக் கொடுத்தார். அது உதவிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டிலோடு சேர்த்து, விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரை அந்த நாலு கைகளும் தனக்குச் சொந்தம் என்றும் அவர் நினைத்துக்கொண்டார். அது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம், அக்கா கதைத்தால் கேட்கப் புதினமாக இருக்கும் என்பதுதான். ஊரில் அவளை எல்லோரும் ‘மலைப்பிள்ளை’ என்றார்கள். நான் மட்டும் அக்கா என்றேன்.

அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் பாடம் செய்யும்போது மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் நல்லவர். பதிவுப் பத்திரம் ஒன்றும் இல்லாவிட்டாலும், ஊரில் காணி உள்ள ஒருவர் கூட்டிவந்து பொறுப்பெடுத்தால் சேர்ப்பேன் என்று சொல்லியிருந்தார். காணி உள்ளவர் என்றால் அவர்களுக்கு வேறு யார்? அப்பாதான். அப்பாவிடம் கேட்க அக்காவின் அம்மாவுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நானாதான் கேட்டார்.

“அண்ணை, எங்கட வீட்டுச் சின்னது பள்ளிக்குப் போகுது. இந்தப் பிள்ளையும் போனா என்ன? கண்ணைப் பாருங்க, படிக்கிற கண்.”

“படிக்கிற கண்ணும் மிளகாய்க்கு எரியும் நானா. நேற்று என்னட்டை இவள் கேட்ட கேள்வி தெரியுமோ? ‘ஏன் ஐயா அந்த ஒண்ண மட்டும் வெளிய நடுறீங்க, அதுவும் நாத்துதானே’ எண்டு. கேள்வியைப் பாருங்கோ.”

அந்த ஒன்று எது என்று சொன்னால்தான் மற்றக் கதை விளங்கும்.

அப்பா மிளகாய் நடுவது கயிறு பிடித்து. கயிற்றில் நூறு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு கன்று, நூறு கன்று ஒரு வரிசை, நூறு வரிசை ஒரு தோட்டம். நாற்றைப் பிடுங்கி நூறு நூறாக வாழைநாரில் கட்டுவார். எண்ணுவது அவரே. வேறு ஒருவரையும் விட மாட்டார். நூறு கட்டு முடிந்ததும் இன்னொரு கன்றைத் தனியே பிடுங்கி, வெற்றிலைக்குள் வைத்து அம்மாவின் கையில் கொடுப்பார். அது வரிசையில் சேராது. சூரியன் எழும்பும் மூலையில், வரிசைகளுக்கு வெளியே, தனியாக நிற்கும். காவல் கன்று என்பார். அதில் காய்ப்பதை நாங்கள் ஆய மாட்டோம். வழியால் போகிறவனும் கிளியும் ஆயலாம்.

“பத்தாயிரத்தை ஆரும் பிரிக்கலாம். ரெண்டாப் பிரி, நாலாப் பிரி, பத்தாப் பிரி, வாழைத்தண்டு மாதிரி விழும். ஒண்டைக் கூட்டிப்போட்டுப் பிரி, பாப்பம்” என்பது அவருடைய பேச்சு. கேட்டால் தேங்காயைச் சாட்சிக்கு இழுப்பார். கோயில் நேர்த்திக்கு நூற்றியொரு தேங்காய் அடிப்போம். அதை முற்றத்தில் குவித்து, இரண்டு கும்பம், மூன்று கும்பம், ஏழு கும்பம் என்று எத்தனை விதமாகவும் அடுக்கிக் காட்டுவார். எப்படி அடுக்கினாலும் உருண்டுபோய் ஏதாவது மிஞ்சும். நூற்றியொன்றைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழு உண்மை. அது எதற்கும் மசியாத எண். நூற்றியொன்று மசியாதென்றால் ஆயிரத்தொன்றும் மசியாது, பத்தாயிரத்தொன்றும் மசியாது என்று அவர் மேலே மேலே கட்டிக்கொண்டு போனார். ஆயிரத்தொன்று ஏழுக்கும் மசியும், பதினொன்றுக்கும் மசியும், பதின்மூன்றுக்கும் மசியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

ஏன் கேட்டிருக்க மாட்டார் என்பதை யோசிக்க எனக்கு நரை வேண்டியிருந்தது. பிரிப்பது என்ற சொல்லே அப்பாவுக்குப் பிடிக்காது. அவருடைய தகப்பனின் காணியை நாலு சகோதரருக்குப் பிரித்தபோது, கடைசிப் பிள்ளையான அவருக்கு வந்தது கிணறு இல்லாத வேலியோரத் துண்டு. அதைப் போட்டுவிட்டுத்தான் காடு வெட்ட வன்னிக்கு வந்தார். “நாலால பிரிபடுற காணியாய் இருந்தது, பிரிச்சுப்போட்டாங்கள்” என்று பகிடிபோலச் சொல்லுவார். நாங்கள் அதைப் பகிடி என்றே எடுத்துக்கொண்டோம்.

நானாவுக்கு முன்னால் அப்பா அப்படிச் சொன்ன மறுநாள், அக்கா குசினியில் இருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்தாள்.

தளத்தில் மிளகாயை ஒரு பக்கம் கூட்டித் தள்ளிவிட்டு, வெறுமையான சீமெந்தில் எழுதினோம். வாய்ப்பாடு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் பெருக்குவது நான், கழிப்பது அவள். இரண்டு போகாது, கடைசி இலக்கம் ஒற்றை. ஐந்தும் போகாது. மூன்றில் இரண்டு மிச்சம். ஏழில் ஐந்து மிச்சம். பதினொன்றில் இரண்டு. பதின்மூன்றில் நான்கு. மூன்று போகாவிட்டால் ஆறும் ஒன்பதும் போகாது என்று அக்காவே கண்டுபிடித்து அவற்றை வெட்டிவிட்டாள். “முதல் ஆளு உள்ள வராட்டி, அவன் புள்ளைங்களும் வராது” என்றாள். இன்றைக்கும் வகுக்கும் கணக்கைப் பற்றி அதைவிட நல்ல பேச்சு நான் கேட்டதில்லை.

ஒருமுறை நாற்பத்து மூன்று போய்விட்டது என்று இருவரும் துள்ளினோம். பிறகு பார்த்தால் நான் பெருக்கியதில் பிழை. அக்கா என்னை ஏசவில்லை. கரியால் என் மூக்கில் ஒரு கோடு போட்டாள், அவ்வளவுதான். அம்மாதான் ஏசினார். சட்டையெல்லாம் கரி, தளமெல்லாம் கரி. அடுத்தமுறை நானா மிளகாயைக் கிளறிப் பார்த்துவிட்டு, “அக்கா, கரியையும் மிளகாய் விலைக்கோ தாறீங்க?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா எங்கள் இருவரையும் பார்த்த பார்வைக்கு மிளகாய் தேவையில்லை.

அந்த நானாவால்தான் ஒரு பெரிய வேலை மிச்சமானது. மிளகாய் வாங்கி முடிந்ததும் அவர் சைக்கிளில் இருந்து சீத்தைத் துணியை இறக்கி விற்பார். அன்றைக்கு ஒரு வெட்டுத் துண்டை வைத்து அம்மா பேரம் பேசிக்கொண்டிருந்தார். அகலமும் கூட வேண்டும், நீளமும் கூட வேண்டும். நானா துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

“துண்டு இவ்வளவுதான் அக்கா. அகலமாய் வெட்டினா நீளம் குறையும். நீளமாய் வெட்டினா அகலம் குறையும். ரெண்டையும் கூட்டித் தா எண்டா நான் எங்க போவன்?”

காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அக்கா என் கையைப் பிடித்து நுள்ளினாள். எதுவரைக்கும் வகுத்துக்கொண்டு போவது என்பதுதான் எங்களுடைய பயமாக இருந்தது. ஐயாயிரம் வரை போனால் மாரி வந்துவிடும். “நூறத் தாண்ட வேணாம்” என்று காதுக்குள் சொன்னாள். “நூறு தரம் நூறு பத்தாயிரம்ல? ஒரு பக்கம் நூறத் தாண்டினா, மத்தப் பக்கம் நூறுக்குள்ள வந்துதான் ஆகணும்.”

நூறுக்குள்ளும் லேசாக இல்லை. அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு மிச்சம், இன்னும் மூன்று இருந்தால் போயிருக்கும். அது எங்களை அழவைத்தது. அறுபத்தேழில் பதினெட்டு. எழுபத்தொன்றில் அறுபத்தொன்று. அக்கா கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கைகளைப் பார்த்தபடி இருந்தாள். கை முழுக்கக் கறுப்பு. “ஐயா சொன்னதுதான் சரி போல” என்றாள்.

எழுபத்து மூன்றை எழுதியது நான். விடக் கூடாது என்ற பிடிவாதம் எல்லாம் இல்லை, கரி மிஞ்சிக் கிடந்தது. நூறில் ஒரு தரம் எழுபத்து மூன்று, மிச்சம் இருபத்தேழு. பக்கத்தில் ஒரு பூச்சியத்தை இறக்கினால் இருநூற்று எழுபது, அதில் மூன்று தரம், மிச்சம் ஐம்பத்தொன்று. இனி இறக்குவதற்கு ஒன்றுதான் இருந்தது, எண்ணின் கடைசியில் நின்ற அந்த ஒன்று. அதை இறக்கி ஐம்பத்தொன்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐந்நூற்றுப் பதினொன்று. ஏழு தரம் எழுபத்து மூன்று எவ்வளவு என்று அக்கா கேட்டாள். நான் சொன்னேன். இரண்டு பேரும் சீமெந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஐந்நூற்றுப் பதினொன்று. அந்த ஒன்று இறங்கி வந்து பக்கத்தில் நிற்காவிட்டால் அது போயிருக்காது.

எழுபத்து மூன்று தரம் நூற்று முப்பத்தேழு. மிச்சம் பூச்சியம்.

அக்காவின் அம்மா விளக்குமாற்றோடு வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மகளின் முகம் தெரியும்.

“என்னடி இது?”

“பிரிஞ்சிருச்சும்மா.”

அவர் அப்படியே தளத்தில் குந்தினார். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்து வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்து அழித்தார்.

“சிரிச்சிக்கிட்டே சொன்னாருடி. சிரிச்சிக்கிட்டு சொன்னதக் கொண்டுபோய் மொகத்துக்கு முன்னால வச்சா, அந்தச் சிரிப்பு இருக்காது. அங்க பாத்ததெல்லாம் பத்தாதா? இந்தக் கூரையாவது இருக்கட்டும். யார்கிட்டயும் பேசாத. பாப்பா, நீயும் பேசக் கூடாது, என்ன?”

நான் தலையாட்டினேன். கறுப்புத் தண்ணீர் தளத்தின் சரிவில் ஓடி மிளகாய்க்குள் போனது. அக்காவுக்குப் பள்ளிக்கூடமும் வேண்டும், கூரையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தொட்டால் மற்றது போகலாம் என்று தாய் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்த எண்ணைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல, ஆனால் அதை இத்தனை வருசமாக விட்டதில்லை. உங்கள் கையில் போன் இருக்கும்தானே, எடுங்கள். ஏதாவது நாலு இலக்க எண்ணை அடித்து, பத்தாயிரத்து ஒன்றால் பெருக்குங்கள். 2468 என்று அடித்தால் 24682468 என்று வரும். உங்கள் எண் தன்னைத் தானே பக்கத்தில் இருத்திக்கொள்ளும். பத்தாயிரம் தரம் ஒருக்கால், ஒரு தரம் இன்னொருக்கால், அதுதான் விஷயம். ஆகவே இப்படி இரட்டித்து எழுதிய எந்த எண்ணும் எழுபத்து மூன்றாலும் நூற்று முப்பத்தேழாலும் மிச்சமில்லாமல் போகும். பேத்தியிடம் இதைக் காட்டி ஒரு பின்னேரம் முழுக்க மதிப்போடு இருந்தேன். ஒன்பதை எட்டுத் தரம் வரிசையாக எழுதி நூற்று முப்பத்தேழால் பிரித்தால் 729927. முன்னால் இருந்து வாசித்தாலும் பின்னால் இருந்து வாசித்தாலும் ஒன்றுதான். அதற்குள் இப்படி எவ்வளவோ கிடக்கிறது. ஆனால் அடுக்க வழி ஒன்றே ஒன்றுதான். எழுபத்து மூன்றும் நூற்று முப்பத்தேழும் தவிர வேறு எந்த வரிசைக்கும் அது சம்மதிக்காது.

அதைவிட என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அப்பா ஒன்றைக் கூட்டாமல் ஏழைக் கூட்டியிருந்தால்? பத்தாயிரத்து ஏழு உண்மையிலேயே பிரியாது. சீமெந்துத் தளம் தேய்ந்திருக்கும், கரி தீர்ந்திருக்கும், ஒன்றும் கிடைத்திருக்காது. அக்கா இப்போது கிளிநொச்சியில் மூட்டு வருத்தத்தோடு இருக்கிறாள். போன கிழமை போனில் இதைச் சொன்னேன். “இன்னுமா அந்த நம்பரப் புடிச்சிக்கிட்டிருக்க?” என்று ஏசினாள். பிறகு, “ஐயாவுக்கு ஒண்ணுக்கு மேல கூட்ட மனசு வராது, பயப்படாத” என்றாள். இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தோம்.

அந்த வருசம் அப்பா வாய்க்கால் ஓரத்து நீட்டுத் துண்டில் நட நினைத்திருந்தார். பழைய தோட்டம் சதுரம். இது அகலம் குறைந்து நீளம் கூடியது. நூறு வரிசைக்கு அகலம் போதாது. பக்கத்துக் காட்டைக் கொஞ்சம் வெட்டி நூறுக்கு நூறாக ஆக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்றைப் பிடுங்கி எண்ணிக் கட்டி, நனைத்த சாக்கால் மூடி, காவல் கன்றை வெற்றிலைக்குள் வைத்து அம்மாவிடம் கொடுத்த அன்றே பூவரசங்குளத்தில் இருந்து செய்தி வந்தது. அப்பாவின் தமக்கையின் புருசன் செத்துப்போனார். அப்பா எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும் வரை அங்கே நிற்க வேண்டும். பிடுங்கின நாற்று எட்டுச் செலவுக்குக் காத்திருக்காது. மேற்கே மழையும் கறுத்துவிட்டது.

நடுகைக்கு வந்த பெண்கள் வரம்பில் நின்றார்கள். அம்மா கயிற்றை அகலத்துக்குப் பிடித்துப் பார்த்தார். முடிச்சுகளில் கால்வாசி காட்டுக்குள் போனது.

“நீட்டுக்குப் பிடிக்கத்தான் வேணும். ஆனால் வரிசை எத்தினை, வரிசைக்கு எத்தினை எண்டு தெரியேல்லையே. அந்தரத்தில நட்டால் இவர் வந்து என்னைத் தின்னுவார்.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய அம்மா நிலத்தைப் பார்த்தார்.

“எழுபத்து மூணு வரிசைங்கம்மா” என்றாள் அக்கா. “வரிசைக்கு நூத்தி முப்பத்தேழு.”

“வாய மூடுடி” என்றார் தாய், உதடு அசையாமல்.

நானாவுக்கு முன்னால் அப்பா சொன்னதைக் குசினிக்குள் இருந்து அம்மாவும் கேட்டிருந்தார். அவர் அக்காவை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“மிச்சம்?”

“இல்லீங்க.”

அம்மாவின் கையில் அந்த வெற்றிலை இருந்தது. விரித்து உள்ளே கிடந்த கன்றைப் பார்த்தார். பிறகு நாற்றுக் கூடைக்குள் அதைப் போட்டு, அவிழ்த்து வைத்திருந்த ஒரு கட்டோடு சேர்த்துக் கையால் ஒருமுறை கலக்கிவிட்டார். வெற்றிலையை வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

“கயித்தை நீட்டி முடிச்சுப் போடு பிள்ளை” என்றார்.

அப்பாவின் கயிற்றோடு பழைய கிணற்றுக் கயிற்றின் துண்டொன்றை இணைத்து, அக்கா முப்பத்தேழு முடிச்சுப் போட்டாள். முடிச்சின் இடைவெளியை மற்றதோடு ஒப்பிட்டு நான் சாண் போட்டுக் கொடுத்தேன். “மலைப்பிள்ளை போட்ட முடிச்சு, மிளகாய் காய்க்குமோ தேயிலை துளிர்க்குமோ?” என்று நடுகைக்காரி ஒருத்தி கேட்டாள். “ரெண்டும் காய்ச்சா உங்களுக்கு டீயும் சம்பலும் ஒரே எடத்துல கிடைக்கும்ங்க” என்றாள் அக்கா. அவள் அப்படி வாய்காட்டியது அதுதான் முதல்முறை. அந்தக் கயிறு இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் எங்கோ போய்விட்டது. தறப்பாள், பானை, தையல் மெசின் என்று எதையெதையோ தூக்கினோம். அதைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி வரிசை நடும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூடைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. கடைசிக் குழிக்கு முன்னால் கூடையின் அடியில் ஒரு கன்று கிடந்தது. ஒரு கன்று மிஞ்சவில்லை, ஒரு குழி மிஞ்சவில்லை. பெண்கள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசைகளைப் பார்த்தார்கள். அக்காவின் அம்மா மட்டும் பார்க்கவில்லை. அவர் கொட்டிலுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, கம்பளியை மடித்து உள்ளே வைத்தார். அப்பா வரும்வரை அந்தப் பெட்டி கொட்டில் வாசலிலேயே இருந்தது.

அப்பா வந்தது ஒரு காலை. சந்திக் கடையில் விட்டிருந்த சைக்கிளை எடுத்து, கரியரில் தேங்காய்ச் சாக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு நேரே தோட்டத்துக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டையோடு நின்றேன். பெருவழியால் மற்றப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். கன்றுகள் எல்லாம் வேர்பிடித்து நிமிர்ந்திருந்தன. அப்பாவின் முகம் மலர்ந்தது.

“பரவாயில்லை, நல்லாத்தான் நட்டிருக்கிறியள்” என்று சொல்லிக்கொண்டே சூரியன் எழும்பும் மூலைக்குப் போனார். அங்கே நின்றார். சுற்றிப் பார்த்தார். குனிந்து புல்லை விலக்கியும் பார்த்தார்.

“எங்க அது?”

அம்மா வாயைத் திறப்பதற்கு முன் அக்கா சொல்லிவிட்டாள். “வரிசையில நிக்குதுங்க ஐயா.”

“எந்த வரிசையில? எது?”

“தெரியாதுங்க. எல்லாம் ஒண்ணாத்தான் நிக்குது.”

அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். வரம்பில் ஏறி, நீட்டுப் பக்கத்தை உதடு அசைய எண்ணிக்கொண்டு போனார். அங்கே திரும்பி அகலப் பக்கத்தை எண்ணினார். பிறகு வரம்பில் குந்தி, ஒரு தடியால் ஈரமண்ணில் பெருக்கிப் பார்த்தார். அழித்தார். திரும்பவும் பெருக்கினார். அவ்வளவு நேரமும் நாங்கள் நால்வரும் அசையவில்லை. அவர் அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்தை நீட்டுக்கும் பார்த்தார். எந்தப் பக்கத்தாலும் வெளியே ஒன்றும் இல்லை.

அக்காவின் அம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஓடிவந்து வரிசைக்குள் இறங்கினார். “ஐயா, புள்ள தெரியாம பண்ணிருச்சு. நான் ஒண்ணப் புடுங்கி அந்த மூலையில நட்டுடுறேன். கோவிச்சிக்காதீங்க” என்று குனிந்து கைக்கு எட்டிய கன்றொன்றின் தண்டைப் பிடித்தார்.

“கையை எடு” என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை. “அது நிக்கட்டும்.”

பிறகு வரம்பில் இருந்து இறங்கி, சைக்கிளடிக்குப் போனார். சாக்கைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். தேங்காய்ச் சாக்கைத் தூக்கி வேலியோடு வைத்தார். தோளில் கிடந்த சால்வையால் கரியரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நான் எப்போதும் இருக்கிற இடம் அது. வழக்கம்போல ஓடிப்போய் ஏறி இருந்துவிட்டேன். அப்பா என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி முன்பக்கத்துப் பாரில் இருத்திவிட்டு, சைக்கிளை அக்கா நின்ற பக்கமாகத் திருப்பி, கரியர் அசையாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.